வாரிசு இல்லாத வீட்டில் இரண்டு இரவுகள்

"அம்மா, வெள்ளிக்கிழமை ரெண்டு நாளுக்குத் துணி எடுத்து வச்சுக்க. ஒரு கோட்டையில தங்கப் போறோம்" என்றாள் மகள்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய செப்டம்பர் அது. எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு, ஓய்வு பெற்ற கையோடு போயிருந்தேன். கோட்டை என்றதும் செஞ்சிதான் நினைவுக்கு வந்தது. "மலை ஏறணுமாடி?" என்றேன். "ஏற வேண்டாம்மா. பழைய கோட்டையை ஓட்டலாக்கியிருக்காங்க. பேரு டல்ஹௌசி."

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "எந்த டல்ஹௌசி?"

"நம்ம ஊர் வரலாற்றுப் புத்தகத்துல வருவாரே, அவரேதான். அவர் பிறந்த வீடு."

நான் தஞ்சாவூர்க்காரி. 34 வருடம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள். இந்த இரண்டு காரணத்தாலும் அந்தப் பெயர் எனக்கு வெறும் பாடப்புத்தகப் பெயர் இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே தபால் கட்டணம், கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரையணா என்று 1854இல் ஏற்பாடு வந்தது அவர் கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான். என் சம்பளத்தின் ஆணிவேர் அங்கே இருக்கிறது. அடுத்த வருடமே தஞ்சாவூர் அரண்மனைக்கு அரசர் இல்லாமல் போனதும் அதே ஆட்சியில்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் தினம் அந்த அரண்மனை மதிலை ஒட்டி நடந்தவள் நான். அவர் வீட்டில் போய்ப் படுத்துத் தூங்குவதா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பெட்டியை எடுத்து வைத்தேன்.

எடின்பரோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நாங்கள் காரில் போனோம். ரயிலில் வருபவர்கள் எஸ்க்பேங்க் நிலையத்தில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தால் போதும். 1969இல் மூடிவிட்ட அந்தத் தடத்தின் ஒரு பகுதியை 2015இல்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள். நிலக்கரி வெட்டி வாழ்ந்த ஊர்கள் வழியெல்லாம் வருகின்றன. சுரங்கம் எதுவும் இன்று ஓடவில்லை. ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பானிரிக் என்ற சிற்றூரைத் தாண்டி, மரங்களுக்குள் கார் திரும்பியதும் கோட்டை தெரிந்தது.

செம்மண் நிறக் கல். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்காட்லாந்து என்றால் சாம்பல் நிறம் என்று பதிந்து போயிருந்தது. மழை நின்ற மாலை வெயிலில் அந்தக் கல் சுட்ட செங்கல் போல இருந்தது. பக்கத்தில் ஓடும் சவுத் எஸ்க் ஆற்றின் அக்கரையில் வெட்டிய கல் என்றார்கள். ராம்சே என்ற குடும்பம் 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கே கோட்டை கட்டிக்கொண்டது. இன்று கண்ணுக்குத் தெரியும் முக்கியமான பகுதி 1450 வாக்கில் எழும்பியது. ஒரு பக்கம் பருத்த வட்டக் கொத்தளம், நடுவில் உயர்ந்த வீடு. 1820களில் வில்லியம் பர்ன் என்ற கட்டடக் கலைஞர் இதை ஒரு பிரபுவின் மாளிகை மாதிரி மாற்றி அமைத்தார். அதனால் பாதி போருக்குக் கட்டியது, பாதி விருந்துக்குக் கட்டியது.

வாசலில் நிமிர்ந்து பார்த்தால் கதவுக்கு மேலே சுவரில் நெட்டுக்குத்தாக இரண்டு பள்ளங்கள். தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கிய உத்தரங்கள் உட்கார்ந்த இடம். பாலமும் இல்லை, அகழியும் தூர்ந்துவிட்டது. பள்ளம் மட்டும் நிற்கிறது. 1298இல் வில்லியம் வாலஸுடன் ஃபால்கர்க்கில் மோதப் போகிற வழியில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் இங்கே தங்கினார். 1400இல் நான்காம் ஹென்றியின் படை முற்றுகையிட, அலெக்சாண்டர் ராம்சே ஆறு மாதம் கதவைத் திறக்கவில்லை என்பது கோட்டையில் வழிவழியாகச் சொல்லிவரும் பெருமை. பிறகு கிராம்வெல்லும் இதைத் தன் முகாமாக்கிக்கொண்டார். அந்த வாசலில்தான் இப்போது ஒருவர் புன்னகையோடு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பழைய கோட்டை ஓட்டலில் தங்குவதற்கும் நட்சத்திர ஓட்டலில் தங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடம் ஸ்காட்லாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் 'ஏ' பிரிவு, அதாவது மேல்படி. ஒரு ஜன்னலை மாற்றுவதானாலும் அனுமதி வேண்டும். அதனால் எல்லா அறையும் ஒரே அளவாக இருக்காது. ஒன்று வட்டமாக இருக்கும், ஒன்றில் கூரை சரிந்து வரும், இன்னொன்றுக்குப் போகும் வழி இரண்டு படி ஏறி மூன்று படி இறங்கும். சுழல்படிகளில் வெளிப்பக்கமாகத்தான் கால் வைக்க இடம். உள்பக்கம் படி விரற்கடையாகச் சுருங்கிவிடும். முட்டி வலி உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே எந்த மாடி என்று கேட்டுக்கொள்வது நல்லது. என் மகள் கேட்டு வைத்திருந்தாள்.

எங்கள் அறையில் எனக்குப் பிடித்தது கட்டிலோ குளியல் தொட்டியோ இல்லை, ஜன்னல். சுவர் அவ்வளவு கனம் என்பதால் ஜன்னல் ஒரு சின்ன அறை போல உள்ளே தள்ளி இருந்தது. அதற்குள் மெத்தை போட்ட திண்ணை. நம் வீட்டுத் திண்ணைதான், வெளியே இல்லாமல் சுவருக்குள் இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்தால் புல்வெளியும் மரங்களும், காது கொடுத்தால் ஆறும். இரண்டு நாளில் பாதி நேரம் அங்கேயேதான் இருந்தேன். பேரன், "அம்மாச்சி வெளிய வாங்க, ஆந்தை வந்திருக்கு" என்று வந்து இழுக்க வேண்டியிருந்தது.

ஆந்தை மட்டுமல்ல, பருந்தும் வல்லூறும் கூட. கோட்டைத் தோட்டத்தில் பறவைகளைப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேரன் கையில் முழங்கை வரை தோலுறை மாட்டி, விரல்களுக்கு நடுவில் ஒரு துண்டு இறைச்சியைப் பிடிக்கச் சொன்னார்கள். மரத்திலிருந்து ஆந்தை வந்த வேகத்தில் ஒரு சத்தமும் இல்லை. இறகின் ஓரம் சீப்புப் போல இருப்பதால் காற்றின் சத்தம் அடங்கிவிடுகிறதாம். எட்டு வயதுப் பையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

இரவுச் சாப்பாடு நிலவறையில். வளைந்த கல் கூரை, மெழுகுவத்தி, வெள்ளை மேசைவிரிப்பு. ஒரு காலத்தில் சிறை. நல்ல சாப்பாடுதான், ஆனால் நான் அன்று அதிகம் சாப்பிடவில்லை. இந்தக் கோட்டையின் சிறைக்குழிக்குக் கதவே கிடையாதாம். கைதியைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்கள். கயிறு உராய்ந்த தடம் கல்லில் அப்படியே இருக்கிறது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் வழுவழுவென்று உள்ளே பொருந்தியது. எங்கள் ஊர்க் கிணற்றுக் கல்லில் இதே தடம் உண்டு. தண்ணீர் சேந்திச் சேந்தி விழுந்த தடம். சின்ன வயதில் அதற்குள் விரலை ஓட்டி விளையாடுவோம். அங்கே கயிற்றில் குடம் போனது, இங்கே மனிதன் போயிருக்கிறான். கல்லுக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சாம்பல் உடுத்திய கேத்தரின் சீமாட்டி இரவில் நடமாடுவாள் என்ற கதையையும் சொன்னார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. நான் தேடி வந்த ஆள் வேறு.

டல்ஹௌசி என்று நாம் படித்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ பிரௌன் ராம்சே 1812 ஏப்ரல் 22 அன்று இந்த வீட்டில் பிறந்தார். அப்பா நெப்போலியனுக்கு எதிரான போர்களில் நின்ற தளபதி. பிறகு கனடா பக்கத்து பிரிட்டிஷ் மாகாணங்களுக்குக் கவர்னர் ஜெனரல், அதற்கும் பிறகு இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி. அம்மா கிறிஸ்டியன் செடி கொடிகளை ஆராய்ந்தவர். கணவரோடு போன இடமெல்லாம், சிம்லாவிலும் கூட, தாவரங்களைச் சேகரித்தார். ஒரு தாவரப் பேரினத்துக்கு டல்ஹௌசியா என்று பெயர் வைத்தது மகனுக்காக இல்லை, இந்த அம்மாவுக்காக. டல்ஹௌசியின் மாமனார் ட்வீடேல் பிரபு, 1842 முதல் 1848 வரை நம் சென்னை மாகாணத்தின் கவர்னர். அவர் பதவி முடிந்த அந்த 1848இல்தான் மருமகன் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார். அப்போது வயது 35.

அவர் கொண்டுவந்த ரயில், தந்தி, பொதுப்பணித் துறை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். வாரிசு இழப்புக் கொள்கையும் தெரியும். பெற்ற மகன் இல்லாமல் அரசர் இறந்தால், தத்துப்பிள்ளைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்மதம் இல்லாவிட்டால், நாடு கம்பெனிக்கு. சதாரா, ஜான்சி, நாகபுரி என்று வரிசையாகப் போயின. ஜான்சி அரசர் சாவதற்கு முதல் நாள் தத்தெடுத்தும் பலிக்கவில்லை.

நம் பக்கத்துக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். தஞ்சையின் ஆட்சி 1799 ஒப்பந்தத்திலேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. சரபோஜி மன்னருக்குக் கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், பட்டமும் மிஞ்சின. அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் மகன் இல்லாமல் இறந்தார். மகள் இருந்தாள். பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அரண்மனையில் இருந்த சொந்தச் சொத்தையும் சேர்த்துப் பூட்டினார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னையின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். லண்டனில் பிரிவி கவுன்சில் 1859இல் அதை மாற்றியது. இது அரசின் செயல், சரியோ தவறோ, நீதிமன்றம் இதற்குள் நுழைய முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். பிற்பாடு அரசே சொந்தச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பித் தந்தது, ஆனால் பட்டம் போனது போனதுதான். அதே அக்டோபரில் ஆற்காட்டு நவாபும் மகன் இல்லாமல் இறந்தார். அவர் பட்டத்தையும் ஒழித்தார்கள். சேப்பாக்கம் அரண்மனை அரசுக்குப் போயிற்று. அந்த 1855இல்தான் டல்ஹௌசி உடம்பு தேற வேண்டும் என்று நீலகிரிக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார்.

உடம்பு தேறவில்லை. மனைவி சூசன் 1853இலேயே ஊர் திரும்பும் கப்பலில் இறந்துவிட்டார். 1856 மார்ச்சில் கல்கத்தாவை விட்டுக் கப்பல் ஏறும்போது டல்ஹௌசி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. மறு வருடம் வட இந்தியா தீப்பற்றி எரிந்தபோது பழி அவர் மேல் விழுந்தது. அவர் பொதுவில் பதில் சொல்லவில்லை. தம் சொந்தக் காகிதங்களை ஐம்பது வருடத்துக்கு யாரும் வெளியிடக் கூடாது என்று உயில் எழுதிவிட்டு, 1860 டிசம்பர் 19 அன்று இதே வீட்டில் இறந்தார். வயது 48.

அவருக்கு இரண்டு மகள்கள். மகன் இல்லை.

பஞ்சாபைச் சேர்த்துக்கொண்டதற்காக அவருக்கு 1849இல் மார்க்வெஸ் என்ற பெரிய பட்டம் கிடைத்திருந்தது. ஆண் வாரிசு இல்லாததால் அது அன்றோடு அற்றுப்போனது. மகள்கள் இருந்தார்கள், பெண்ணுக்குப் பட்டம் இல்லை. இதை அந்த ஜன்னல் திண்ணையில் உட்கார்ந்து என் மகளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்த வீடு யாருக்குப் போச்சும்மா?" என்று கேட்டாள்.

பங்காளிக்கு. ராம்சே குடும்பத்தின் பழைய பட்டமான ஏர்ல் என்பது 1633இலிருந்து வருவது. அது சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மாலுக்குப் போயிற்று. கிரீமியப் போர்க் காலத்தில் போர்த் துறை அமைச்சராக இருந்தவர் அவர். பங்காளி வழி என்று ஒன்று அவர்களுக்குத் திறந்திருந்தது. தஞ்சாவூரிலும் ஜான்சியிலும் அந்த வழியைக் கேட்டு நின்றவர்களின் மனுக்களை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கோட்டை ஓட்டலான கதையும் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. ஃபாக்ஸ் மாலுக்கு வடக்கே பிரெக்கின் என்ற ஊரில் ஏற்கெனவே ஒரு கோட்டை இருந்தது. அவரும் பிள்ளையில்லாமல் 1874இல் இறக்க, இரண்டு கோட்டையும் இன்னொரு பங்காளியிடம் போயின. 20ஆம் நூற்றாண்டு பிறந்த சமயம் குடும்பம் பிரெக்கினிலேயே நிலைத்துவிட்டது. டல்ஹௌசி இரண்டாவது வீடானது. ஆள் குடியில்லாத பெரிய வீடு என்ன ஆகும் என்று காரைக்குடி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே ஓடு, இங்கே கூரையில் ஈயத் தகடு. மழை ஒரு இடத்தில் இறங்கினால் நாலு அறை போகும். பிரிட்டனில் 1894க்குப் பிறகு இறந்தவர் சொத்துக்கு வரி ஏறிக்கொண்டே வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வேலையாட்கள் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் எத்தனையோ மாளிகைகளைக் கூரையைப் பிரித்தும் இடித்தும் விட்டார்கள். டல்ஹௌசியை வாடகைக்கு விட்டார்கள். சில காலம் சிறுவர் பள்ளிக்கூடமாக இருந்தது. 1972இல் பழுது பார்த்து ஓட்டலாக்கினார்கள். 1977இல் குடும்பம் இதை விற்றுவிட்டது. எழுநூறு வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வீடு.

காசு வாங்கிக்கொண்டு கண்டவர்களையும் தங்க விடுவது அந்த வீட்டுக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் கூரை ஒழுகக் கூடாது, படியில் விளக்கு எரிய வேண்டும், கணப்பில் நெருப்பு இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இடம் தருகிறார்கள். நாங்கள் இருந்த சனிக்கிழமை ஒரு கல்யாணம். கட்டம் போட்ட கில்ட் கட்டிய ஒருவர் பைப் வாசித்துக்கொண்டே முன்னால் நடக்க, பெண் பின்னால் வந்தாள். நாதஸ்வரம் முன்னால் போக மாப்பிள்ளை அழைப்பு வருகிற அதே நடை. வீட்டைக் காப்பாற்றுவது இந்தப் பணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சி கொடுத்தார்கள். ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை போடாமல் உப்புப் போட்டுத் தரச் சொன்னேன். பரிமாறிய பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அம்மா அப்படித்தான் கொடுப்பாராம். ஊறுகாய் இல்லை என்பது ஒன்றுதான். பிறகு, பக்கத்தில் காக்பென் என்ற இடத்தில் உள்ள பழைய மாதாகோவில் கல்லறைக்கு நடந்தோம். கோவிலுக்குக் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. டல்ஹௌசியை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். சுற்றிலும் புல் நனைந்து கிடந்தது. பேரன், "இவங்க கெட்டவங்களா அம்மாச்சி?" என்றான். "நம்ம ஊர் ராணி அழுததுக்கு இவரும் ஒரு காரணம். நான் தபாலாபீசுல வேலை பார்த்ததுக்கும் இவரும் ஒரு காரணம்" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன் வரவேற்பறையில் கோட்டைப் படம் போட்ட ஒரு அஞ்சலட்டை வாங்கினேன். ஜன்னல் திண்ணையில் உட்கார்ந்து, தஞ்சாவூர் மேலவீதியில் இருக்கும் அக்காவுக்கு எழுதினேன்: 'அக்கா, டல்ஹௌசி பிறந்து செத்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவருக்கும் மகன் இல்லையாம். மகள்கள் இருந்தார்களாம். மற்றவை நேரில்.'

பானிரிக்கில் ஒரு சிவப்புத் தபால்பெட்டியில் போட்டேன். பெட்டியின் மேல் அரசியின் பெயரெழுத்து இல்லை, ஸ்காட்லாந்தின் மகுடம் மட்டும் இருந்தது. இரண்டாம் எலிசபெத் என்று போட்டதற்கு, ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத்தே கிடையாதே என்று எடின்பரோவில் 1953இல் ஒரு பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தார்களாம். அதன் பிறகு இங்கே வைக்கும் பெட்டிகளில் மகுடம்தான் என்றாள் மகள். வாரிசுக் கணக்கு இங்கே தபால்பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக்குப் போனேன். அஞ்சலட்டை எனக்கு முன்பே வந்து, சரபோஜி மன்னர் படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் சாய்த்து வைத்திருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தஞ்சாவூர் முத்திரை தேதியோடு தெளிவாக விழுந்திருந்தது. "அந்தப் பொண்ணுங்க பேரு என்னவாம்?" என்று கேட்டாள் அக்கா.

"சூசன், ஈடித்" என்றேன்.